படியிறங்கிய பின் எரியும் விளக்கு

கடற்கரையூர் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் நமது பகுதிக்கு வந்துள்ளது. அதன் முக்கியப் பகுதி இது:

"எங்கள் மாமிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்து கொல்லையில் உளூச் செய்வது அவர்களின் நெடுநாளைய வழக்கம். சென்ற ஆண்டு ஓர் இரவு, சுவிட்சைத் தேடாமல் இருட்டிலேயே இறங்கி, படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார்கள். விடுமுறையில் ஊர் வந்த என் கணவர், ஆள் நடமாட்டம் கண்டு தானே எரியும் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போனார்கள். விளக்கு எரியத்தான் செய்கிறது. ஆனால் மாமி இரண்டு படியும் இறங்கி முடித்த பின்பே எரிகிறது. உளூச் செய்து முடிப்பதற்குள் அணைந்தும் போகிறது. விளக்கு வந்த பிறகும் மாமி இருட்டில்தான் இறங்குகிறார்கள். வேறு விளக்கு வாங்க வேண்டுமா? நல்லதாக எதைப் பார்த்து வாங்குவது?"

கடிதத்துடன் கொல்லையின் கோட்டுப் படம் ஒன்றையும் தம் மகனைக் கொண்டு வரைவித்து அனுப்பியிருக்கிறார். அது மிகவும் உதவிற்று. அடுப்படியின் பின்கதவு, அதனை அடுத்து இரண்டு படிகள், திறந்த கொல்லை, கதவுக்கு நேரெதிரே, ஏறத்தாழ 20 அடி தள்ளிக் கிணறும் உளூச் செய்யும் கல்லும். கிணற்றுக்கு மேலே, மதிற்சுவரில், கதவைப் பார்த்தவாறு விளக்கு. ஏற்கெனவே அங்கே குண்டு பல்பு ஒன்று இருந்ததாம். ஹோல்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதிய விளக்கை மாட்டியிருக்கிறார்கள்.

விளக்கின் மீது பிழையில்லை. வாங்கியவர் மீதும் பிழையில்லை. மாட்டிய இடந்தான் பிழை. ஏன் என்பதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம். ஏனெனில் இது இந்த ஒரு வீட்டின் குறை மட்டுமன்று.

சுவரோடு ஒட்டி, மூடி போட்டு, வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருக்கும் இவ்விளக்கினைக் கடையில் பல்க்ஹெட் விளக்கு என்பார்கள். கப்பலின் உட்பகுதியைப் பிரிக்கும் தடுப்புச் சுவருக்கு ஆங்கிலத்தில் அப்பெயர். நீர்த்துளியும் இடிபாடும் தாங்கக் கப்பற் சுவரில் பதித்த விளக்கே பிற்காலத்தில் வீட்டுச் சுவருக்கு வந்தது. கப்பலேறிப் பிழைத்த நம் கடற்கரையூர் மக்களுக்கு அது புதிய உறவன்று. புதியது, அதனுள் இருக்கும் சென்சார்தான்.

சென்சாரில் இருவகை உண்டு. ஒன்று பி.ஐ.ஆர். என்பது. விளக்கின் அடியிலோ நடுவிலோ, பால் நிறத்தில் ஒரு சிறு குமிழ் வெளியே தெரிந்தால் அது இந்த வகை. மனித உடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர் எந்நேரமும் வெளிப்பட்டுக் கொண்டிருக்கிறது. அக்கதிரைத்தான் இது பார்க்கிறது. குமிழின் மீதுள்ள கட்டங்கள் எதிரேயுள்ள இடத்தை விசிறியின் மடிப்புகளைப் போலப் பல கூறுகளாகப் பிரிக்கின்றன. வெப்பமான உடல் ஒரு கூற்றிலிருந்து அடுத்த கூற்றுக்குக் கடக்கும்போது சென்சார் விழித்துக்கொள்கிறது. ஆகவே, அதன் முன்னால் குறுக்கே நடப்பவரை அது உடனே கண்டுகொள்ளும். அதனை நோக்கி நேராக நடந்து வருபவரோ நெடுநேரம் ஒரே கூற்றுக்குள்ளேயே வருகிறார். அருகில் வந்த பிறகே அவர் வருகை அதற்குத் தெரிகிறது.

மாமி கதவிலிருந்து கிணற்றை நோக்கி, அதாவது விளக்கை நோக்கி, நேராக நடக்கிறார்கள். அதுவும் முதுமையினால் மெதுவாக. போதாக்குறைக்கு, தலை முதல் துப்பட்டி போர்த்தியிருப்பார்கள். உடலின் வெப்பத்தில் ஒரு பகுதியைத் துணி மறைத்துவிடுகிறது. மேலும் சென்சார் காண்பது வெப்பத்தையன்று, வெப்ப வேறுபாட்டை. நம் ஊர்களில் கோடைக்காலத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த சுவரும் தரையும் பின்னிரவிலும் சூடாகவே இருக்கின்றன. ஆளுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறையக் குறையச் சென்சாரின் பார்வைத் தொலைவும் குறைகிறது. அட்டையில் 8 மீட்டர் என்று அச்சிட்டிருப்பதைக் கோடையில் அப்படியே நம்புவதற்கில்லை.

இனி பரிகாரம். விளக்கை எதிர்ச்சுவரிலிருந்து கழற்றி, படிக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவருக்கு மாற்றுங்கள். படத்தில் படிக்கு இடப்புறம் குளியலறைச் சுவர் நீட்டிக்கொண்டிருப்பதாகக் காட்டப்பட்டுள்ளது. அதில், தரையிலிருந்து இரண்டு மீட்டருக்குச் சற்று மேலே, படியின் பக்கமாகப் பார்த்தபடி மாட்டினால் போதும். நிலைப்படியில் கால் வைக்கும்போதே மாமி சென்சாரின் முன்னால் குறுக்கே கடந்துவிடுவார்கள். முதற்படியில் இறங்குவதற்கு முன்னரே வெளிச்சம் வந்துவிடும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. பலரும் கதவுக்கு நேர்மேலே விளக்கை வைக்கிறார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் வெளியே இறங்குபவரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருப்பதால் அவருடைய நிழல் அவர் கால் வைக்கப்போகும் படியின் மீதே விழுகிறது. எதிர்ச்சுவரில் வைத்தாலோ கண் கூசுகிறது. பக்கவாட்டு ஒளியில்தான் ஒவ்வொரு படியின் விளிம்பும் தெளிவாகத் தெரியும். மாமி வழக்கமாகக் கைபிடித்து இறங்கும் பக்கம் எது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிழல் அந்தக் கைப்பக்கம் விழாதிருப்பது நலம்.

உளூச் செய்து முடிப்பதற்குள் அணைந்துவிடுவதற்குக் காரணம் வேறு. கல்லில் அமர்ந்து உளூச் செய்பவரின் உடல் பெரிதாக அசைவதில்லை. கைகள் மட்டுமே அசைகின்றன. தொலைவிலுள்ள பி.ஐ.ஆர். சென்சாருக்கு அது போதாது. கடைசியாக அசைவு கண்ட நேரத்திலிருந்து எத்தனை வினாடி எரிய வேண்டும் என்று குறித்திருக்கிறதோ அவ்வளவுதான் அது எரியும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலான விளக்குகளில் இந்நேரம் சோதனைக்காக மிகக் குறைவாக, பத்து வினாடி அளவிலேயே வைக்கப்பட்டிருக்கும். மாட்டியவர் அதனை மாற்றாமல் விட்டிருப்பார். மூடியைத் திறந்தால், அல்லது சென்சாரின் அடிப்பக்கத்தில், சிறு திருகுகளோ சிறு சுவிட்சுகளோ மூன்று காணப்படும். ஒன்று நேரத்துக்கு, அதனை ஐந்து நிமிடமாக வையுங்கள். மற்றொன்று தொலைவுக்கு. மூன்றாவது, எவ்வளவு இருட்டிய பின் வேலை செய்ய வேண்டும் என்பதற்கு. பிறைச்சந்திரன் குறியின் பக்கம் திருப்பினால் நன்கு இருட்டிய பிறகே எரியும். கொல்லைக்குத் தெருவிளக்கின் வெளிச்சம் எட்டுமானால் கடைசி அளவுக்குத் திருப்பிவிடாதீர்கள். அந்த வெளிச்சத்தைப் பகலென்று எண்ணி விளக்கு எரியாமலே இருந்துவிடும்.

புதிதாக வாங்குவோருக்கு இரண்டாவது வகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மைக்ரோவேவ் சென்சார். நுண்ணலையை அனுப்பி, அசையும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் மாற்றத்தைக் கொண்டு ஆள் வருவதை அறிகிறது. குமிழ் வெளியே தெரியாது. விளக்கின் வெண்மூடிக்கு உள்ளேயே மறைந்திருக்கும். வெயிலோ துப்பட்டியோ இதற்குப் பொருட்டன்று. நேராக வருபவரையும் நன்கு கண்டுகொள்ளும். சிறு அசைவுக்கும் விழிக்கும். மெல்லிய பலகைக் கதவைக்கூட ஊடுருவும். கதவுக்கு அருகில் மாட்டினால், மாமி உட்புறம் தாழ்ப்பாளைத் தொடும்போதே வெளியே விளக்கு எரிந்துவிடக்கூடும்.

ஆனால் ஊடுருவும் அந்தக் குணமே தொல்லையாகவும் ஆகும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டி நிற்பதையும், இடையில் பெண்கள் போய்வரும் ஒடுங்கிய முடுக்குகள் இருப்பதையும் அறிவீர்கள். அங்கே மெல்லிய சுவரிலோ தகரமில்லாத தட்டியிலோ இவ்விளக்கை மாட்டினால், பக்கத்து வீட்டார் நடந்தாலும் நம் விளக்கு எரியும். காற்றில் ஆடும் முருங்கைக் கிளைக்கும், சுவரையொட்டிய பிளாஸ்டிக் குழாயில் ஓடும் தண்ணீருக்கும், சில வேளை பெருமழைக்கும் எரியும். இரவெல்லாம் எரிந்து எரிந்து அணையும் விளக்கு, எதிர்ச் சன்னலில் உறங்குபவருக்குப் பெரும் துன்பம். தொலைவுத் திருகைக் குறைத்து வைத்தால் ஓரளவு கட்டுப்படும். என் கருத்து யாதெனில், திறந்த கொல்லைக்கும் முடுக்குக்கும் பி.ஐ.ஆர். வகையே ஏற்றது, நாற்புறமும் தடித்த சுவருடைய உள்மாடிப்படிக்கும் நடைபாதைக்கும் மைக்ரோவேவ் சிறந்தது. சகோதரி கேட்ட வீட்டில் இருக்கும் விளக்கே போதும். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

மைக்ரோவேவ் வகையில் ஒரு வசதியை மட்டும் குறிப்பாகச் சொல்வேன். சில விளக்குகள் ஆளில்லாதபோது முற்றும் அணையாமல், பத்திலொரு பங்கு ஒளியில் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். ஆள் வந்ததும் முழு ஒளிக்கு உயரும். முதியவர்கள் உள்ள வீட்டின் மாடிப்படிக்கு இதனைவிட நல்லது இல்லை. சென்சார் ஒரு கணம் தாமதித்தாலும் கண்முன் முழு இருட்டு இராது.

மின்கட்டணம் குறையும் என்பதற்காகவே பலர் சென்சார் விளக்கை வாங்குகிறார்கள். கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். 60 வாட் குண்டு பல்பு இரவு 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளைக்கு 21.6 யூனிட் ஆகும். ஏறத்தாழ அதே அளவு வெளிச்சம் தரும் 10 வாட் எல்.ஈ.டி. விளக்குச் சென்சார் இல்லாமல் இரவு முழுதும் எரிந்தாலும் 3.6 யூனிட்தான். சென்சாருடன் இரவில் மொத்தம் ஒரு மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட், சென்சார் விழித்திருப்பதற்கென்று அரை வாட் என்று கொண்டாலும் மாதம் 0.36 யூனிட். ஆக, குண்டு பல்பை எல்.ஈ.டி.க்கு மாற்றியதில் 18 யூனிட் மிச்சம். சென்சாரினால் மேலும் மிச்சமாவது மூன்று யூனிட்டுக்கும் குறைவே. ஒரே ஒரு விளக்குக்குச் சென்சாருக்காகக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு அதனைக் கட்டணத்தில் மீட்பதென்றால் நெடுங்காலம் ஆகும். அதனை வாங்குவது, கையில் குடமோ குழந்தையோ இருக்கும்போதும், சுவிட்ச் எந்தப் பக்கம் என்று நினைவுக்கு வராத தூக்கக் கலக்கத்திலும் வெளிச்சம் வரவேண்டும் என்பதற்காகவே.

இவ்விடத்தில் வீட்டு ஆண்களுக்கு ஒரு சொல். படுக்கப் போகும்முன் வீட்டைச் சுற்றி வந்து எல்லாச் சுவிட்சுகளையும் அணைப்பது வாப்பாமார்களின் வழக்கம். நல்ல வழக்கந்தான். ஆனால் சென்சார் விளக்கின் சுவிட்சை அணைத்துவிட்டால் அது குருடு. அந்தச் சுவிட்சின் மீது ஒரு நாடாவை ஒட்டிவிடுங்கள். அல்லது ஒயர்மேனிடம் சொல்லி, கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். மின்சாரம் போய் வந்த பின் பி.ஐ.ஆர். சென்சார் நிலைபெற ஒரு நிமிடம் வரை ஆகலாம். அதற்குள் பழுதென்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை சில. ஐ.பி. என்ற எழுத்துகளை அடுத்து இரண்டு இலக்கம் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. மழை நேரே படும் சுவருக்கு ஐ.பி. 65 வேண்டும், தூசி புகாது, பீய்ச்சும் நீரும் புகாது. கூரைச் சரிவுக்கு அடியில் என்றால் 54 போதும். பந்தாடும் பிள்ளைகள் உள்ள முற்றத்துக்கு ஐ.கே. என்னும் எண்ணையும் பாருங்கள். 08 என்பது நடுத்தரம், 10 என்பது நல்ல அடியைத் தாங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் பதிவெண்ணும் விளக்கின் மீதே இருத்தல் வேண்டும். கடற்கரையூராருக்கு இவற்றினும் முக்கியமானது உடற்பகுதி எதனால் ஆனது என்பது. உப்புக்காற்றில் இரும்புத் தகடு இரண்டு மழைக்காலத்தைக் காணாது. அலுமினியத்தின் வண்ணப்பூச்சும் கீறல் விழுந்த இடத்திலிருந்து பொரிந்து உரியும். பாலிகார்பனேட் என்னும் உறுதியான பிளாஸ்டிக்கே உகந்தது. திருகாணிகள் துருப்பிடியா எஃகாக இருக்கட்டும். பெட்டியோடு வரும் திருகாணிகள் பல நேரம் அப்படி இருப்பதில்லை. தனியே நான்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒளியின் அளவு, படிக்கு 8 முதல் 12 வாட் வரை போதும். 20 வாட்டுக்கு மேல் போனால் இருட்டிலிருந்து வரும் கண் கூசும். கண்புரை உள்ளவர்களுக்கு அக்கூச்சம் இருட்டினும் கொடிது. மூடி தெளிந்த கண்ணாடியாக இன்றிப் பால் வெண்மையாக இருக்கட்டும். நிறத்தை 3000 கெல்வின் என்று கேட்டு வாங்குங்கள். மஞ்சள் கலந்த இதமான ஒளி. 6500 என்பது நீலம் தூக்கலான வெள்ளை. வெண்ணிற எல்.ஈ.டி. என்பதே நீல ஒளியின் மீது மஞ்சளாக ஒளிரும் பூச்சொன்றைப் பூசிப் பெறுவதுதான். அந்த நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நீலம் மிகுந்த ஒளிக்குப் பூச்சிகள் அதிகம் வரும். பூச்சிக்குப் பல்லி வரும். சிலந்தி வலை கட்டும். சென்சார்க் குமிழின் மீது வலை ஆடினாலும் பல்லி ஊர்ந்தாலும் விளக்குக் காரணமின்றி எரியும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள்.

மாட்டுவதைப் பொறுத்தவரை, எளிதில் பொருத்தத்தக்கது என்று விற்கப்படும் விளக்குகளில் அடித்தட்டு தனியாக இருக்கும். தட்டைச் சுவரில் இறுக்கி, ஒயரை அதன் இணைப்பில் செருகி, விளக்கைத் தட்டின் மீது வைத்துத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பழைய வகைபோல ஏணிமேல் நின்று ஒரு கையால் விளக்கைத் தாங்கிக்கொண்டு மறுகையால் ஒயர் முறுக்க வேண்டியதில்லை. எளிது என்றதும் நாமே மாட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் ஒயரில் வைத்திருப்பது உண்டு. அங்கே சுவிட்சை அணைத்தாலும் விளக்கில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஒயரின் நிறத்தையும் நம்ப முடியாது. ஆகவே உரிமம் பெற்ற ஒயர்மேனை அழையுங்கள். அவர் மெயினை அணைத்துவிட்டு வேலை செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு. "பழைய ஹோல்டர் இருந்த இடத்திலேயே மாட்டிடுறேன், ஒயர் இழுக்க வேண்டாமே" என்பார். "இல்லை தம்பி, பக்கச் சுவருக்கு இழுத்துக் கொடுங்க" என்று சொல்லிவிடுங்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே இவ்வளவும் எழுத நேர்ந்தது. சுண்ணாம்புச் சாந்துச் சுவராயின் துளையைச் செங்கல்லில் போடச் சொல்லுங்கள். கல்லிடைச் சாந்தில் போட்டால் திருகாணி நிற்காது. ஒயர் கீழ்ப்புறமாக நுழைய வேண்டும். நுழையுமுன் சற்றுத் தொங்கி வளைந்து மேலேற வேண்டும். வளைவின் அடியில் மழைநீர் சொட்டிவிடும், விளக்குக்குள் போகாது. தட்டின் மேல்விளிம்பையும் இருபக்கத்தையும் சிலிக்கோன் கொண்டு அடைத்து, கீழ்விளிம்பை மட்டும் திறந்துவிடச் சொல்லுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியின்றிப் போகும்.

ஈரமான கொல்லையில், வெறுங்காலோடு, கை நனைந்த நிலையில் ஒருவர் தினமும் நிற்கும் இடம் அது. உலோக உடல் கொண்ட விளக்கானால் எர்த் ஒயர் இணைக்கப்பட்டே ஆக வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் அச்சிட்ட விளக்குக்கு மட்டும் எர்த் தேவையில்லை. எது எப்படியாயினும் வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஒயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் இன்னும் பழைய பெயரால் ஈ.எல்.சி.பி. என்பார்கள். இல்லையென்றால் விளக்குக்கு முன் அதனை வாங்குங்கள். அதில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை அழுத்திப் பார்த்தால் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கொல்லை விளக்கை அதன் இணைப்பிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். விசிறிக்கும் தொலைக்காட்சிக்கும் கொடுக்கும் மின்கலத்தில் 10 வாட் ஒரு பொருட்டன்று. மின்சாரம் நின்ற இரவில்தான் படி மிகவும் இருட்டாக இருக்கும்.

எல்லாம் முடிந்த பின், ஒயர்மேன் வீட்டைவிட்டுப் போகுமுன், ஒரு சோதனை. பகலிலும் எரியுமாறு மூன்றாவது திருகைச் சூரியக் குறியின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு, மாமியையே அவர்களின் வழக்கமான நடையில் கதவிலிருந்து இறங்கச் சொல்லுங்கள். நீங்களோ பிள்ளைகளோ ஓடிப் பார்த்தால் பயனில்லை; உங்கள் வேகத்துக்கு அது எப்படியும் எரிந்துவிடும். மாமியின் கால் நிலைப்படியைத் தாண்டுமுன் விளக்கு எரிந்தால் திருகைப் பிறைப் பக்கம் திருப்பிவிட்டு மூடியைப் பூட்டலாம். எரியவில்லையென்றால் விளக்கை ஒரு முழம் கதவின் பக்கமாக நகர்த்துங்கள்.

படியின் விளிம்பில் வெள்ளைப் பெயிண்டால் இரண்டு அங்குலக் கோடு ஒன்று போட்டுவிடவும் மறக்க வேண்டாம். அதற்கு ஒயர்மேன் தேவையில்லை. படம் வரைந்து அனுப்பிய மகனே போதும்.

கொல்லைக்கு ஒயரே இழுக்க வழியில்லை, சூரிய ஒளியில் இயங்கும் விளக்கு எப்படி என்று கேட்டிருக்கும் மற்றொரு வாசகருக்கு அடுத்த இதழில், இன்ஷா அல்லாஹ்.